மலிவான அம்புமுனை தேடிய கதை

1

நான் கனடா நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக இலங்கையில் எங்கள் ஹாலிஎலப் பக்கம் ஒரு பேச்சு அடிபடுகிறதாம். அது உண்மையில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐம்பதை நெருங்கிவிட்ட, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிற ஒருவனைச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு எந்த நாட்டுப் பட்டாளமும் இன்னும் நலிந்துவிடவில்லை.

பேச்சு கிளம்பியதற்குக் காரணம் ஒரு படம். இலை, சருகு அச்சடித்த உடுப்பில், கையில் குறுக்குவில்லோடு நான் நிற்கிறேன். துப்பாக்கிக் கட்டையின் மேல் ஒரு வில்லைப் படுக்கவைத்துப் பூட்டினால் எப்படியிருக்கும், அதுதான் குறுக்குவில். படத்தை எடுத்தது என் மகள். என்னைக் கேட்காமல் அதைக் குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டது என் மனைவி புனிதம். அங்கிருந்து அது அவளுடைய ஊரான பூனாகலைக்குப் போய், பண்டாரவளைக்கு இறங்கி, ஹாலிஎல பஸ் நிலையத்தில் த்ரீவீலர் ஓட்டும் என் பால்ய சிநேகிதன் யோகராசாவின் கைக்கு வந்தபோது, நான் சண்டைக்குப் புறப்பட்டுவிட்டேன். உடனே அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"என்னடா மன்மதா, பட்டாளத்துல சேந்துட்டியாமே? கோயில் தலைவர் கேக்குறாரு, எந்த நாட்டுக்காரனோட சண்டைன்னு."

"சண்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மான் வேட்டைக்குப் போனேன்."

மறுமுனையில் த்ரீவீலர் எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"நீயா?" என்றான் யோகன். "டேய், ஒங்க வீட்டுக் கோழிய அறுக்கவே என்னையத்தானடா கூப்புடுவீங்க?"

அவன் சொன்னது முழுக்க உண்மை. கோழியைப் பிடித்துக்கொடுப்பது வரைதான் என் வேலை. அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வேன்.

அவன் என்னை மன்மதா என்று கூப்பிடுவதற்கு என் அழகு காரணமல்ல. மாசி மாதத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். ஒரு வருடம் எனக்கு மன்மதன் வேஷம், அவனுக்கு ரதி வேஷம். கையில் கரும்பு வில், பூ அம்பு. தவத்தில் இருக்கும் சிவன்மேல் அம்பு விட வேண்டிய கட்டத்தில், தப்பு மேளம் அடிக்கிறவர்கள் உச்சத்துக்குப் போக, நான் குறி வைத்தேன். அம்பு எனக்குப் பின்னால் போய் விழுந்தது. எப்படியென்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. ரதிதான் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள். ஊரில் நான் பெற்ற வில்வித்தைப் பயிற்சி அவ்வளவுதான்.

2

ஒன்டாரியோவில் வடக்கே தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். தமிழ்க் குடும்பம் என்றால் நாங்கள் மட்டும்தான். எனக்கு மர ஆலையில் வேலை. அறுத்த பலகைகளைக் கட்டி லொறிகளில் ஏற்றுவிக்க வேண்டும். புனிதம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருக்கிறாள். கிழங்கு மசியலில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் மிளகு போட்டு, அங்குள்ள கிழவர்களைக் கெடுத்துவைத்திருக்கிறாள்.

டொராண்டோவில் இருக்கும் உறவுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அனுப்புவார்கள். பட்டு, நகை, மேடை, பிரதம விருந்தினர் என்று தடித்த அட்டையில் வரும். எங்கள் மகள் தாரணியும் ஒரு நாள் என்னை அழைத்தாள். அவளுடைய பள்ளித் தோழி மேகன் வீட்டுப் பின்வளவுக்கு. அங்கே கெட்டி நுரையில் செய்த ஒரு பொம்மை மானை நிறுத்திவைத்து, தாரணி வில்லை இழுத்தாள். அம்பு மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சில் போய்க் குத்தி நின்றது. மறுபடி இழுத்தாள். இரண்டாவது அம்பு முதல் அம்பை உரசிக்கொண்டு நின்றது. மேகனின் அப்பா டக் என்னோடு ஆலையில் வேலை செய்கிறவர். அவர் கைதட்டினார். நானும் தட்டினேன். பிரதம விருந்தினர் நான்தான்.

தாரணிக்குப் பதினேழு வயதாகிறது. வீட்டில் தமிழ் பேசுவாள். அம்மாவின் பூனாகலை இழுப்பு அவள் பேச்சில் அப்படியே இருக்கும். ஆனால் கொஞ்ச காலமாக அந்தப் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கதவு சாத்தியிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் செல்போனில் ஒரு கட்டைவிரல் படம் வரும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாகவே சமையலறைக்கு வந்து, "இந்த வருஷம் நான் மான் வேட்டைக்குப் போகப் போறேன், பேப்பர்ல கையெழுத்து வேணும்" என்றாள்.

நான் மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். புனிதம் முந்திக்கொண்டாள்.

"போகட்டும். ஆனா அடுத்தவங்க வீட்டோட போக வேணாம். நீங்களும் கூடப் போங்க."

"நானா? எனக்கு வேட்டையப் பத்தி என்ன தெரியும்?"

"அவளப் பத்தி மட்டும் என்ன தெரியும் ஒங்களுக்கு? ரெண்டையும் சேத்துப் படிங்க."

படித்தேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. ஊர் மண்டபத்தில் காலையில் பெயர் கூப்பிட்டார்கள். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது விறைத்து நிற்பார்களே, அதே போல நான் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை. வகுப்பில் பாதிப்பேர் மீசை முளைக்காத பையன்கள். முதல் சோதனையில் நான் தோற்றேன். கால்தடத்தைப் பார்த்து மிருகத்தைச் சொல்ல வேண்டும். நரி என்று நான் எழுதியது பக்கத்து வீட்டு நாயின் தடம். அதன்பின் தாரணி என்னை மேசையில் உட்காரவைத்துப் பாடம் கேட்டாள். மூன்று வாரம். பிழையாகச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவாள், சரியாகச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போவாள். அந்த மூன்று வாரத்தில், முந்தைய ஒரு வருடத்தில் பேசியதை விட அதிகமாக அவள் என்னோடு பேசினாள். அதனால் சில கேள்விகளுக்கு விடை தெரிந்தும் பிழையாகச் சொன்னேன். நிறையக் கேள்விகளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இரண்டாம் தடவை தேறினேன். உரிம அட்டை தபாலில் வந்தது. அதில் என் பெயர் தலைகீழாக இருந்தது. நான் முத்தையாவின் மகன் ஆறுமுகம். ஊரில் அப்பாவின் பெயர் முன்னால் வரும். அட்டையிலோ நான் ஆறுமுகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த முத்தையா. திருத்தச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீண்ட சங்கீதத்துக்குப் பிறகு ஒரு பெண் பேசினார். முத்தையா யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். அவர் வேட்டைக்குப் போகிறாரா என்றார். அவர் இறந்துவிட்டார் என்றேன். தனது அனுதாபங்களைத் தெரிவித்துவிட்டு, அப்படியானால் அவருடைய உரிமத்தை ரத்துச் செய்ய வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். தேயிலை மலையில் ஒரு காட்டுப்பன்றி துரத்தி, சவுக்கு மரத்தில் ஏறி உட்கார்ந்து, அன்றைக்கு அரைநாள் சம்பளத்தை இழந்தவர் என் அப்பா. அவருக்குக் கடைசியில் கனடாவில் மான் வேட்டையாட அனுமதி கிடைத்தது. அதைக் கெடுப்பானேன்?

3

டக் தன்னுடைய பழைய குறுக்குவில்லை எனக்குத் தந்தார். அம்புகளும் தந்தார். முனை மட்டும் நீயே வாங்கிக்கொள் என்றார். அங்கேதான் என் சிக்கல் தொடங்கியது.

பழகுவதற்குப் போடும் முனை வெறும் கூர்தான், துப்பாக்கி ரவை மாதிரி இருக்கும். வேட்டைக்கு அது உதவாது. வேட்டைக்கென்று அகன்ற முனை ஒன்று இருக்கிறது. நடுவில் கூர், அதைச் சுற்றி இரண்டோ மூன்றோ அலகுகள். ஒவ்வொரு அலகும் சவரக் கத்தி. மான் வலி தெரிவதற்கு முன்பே இரத்தம் வடிந்து விழுந்துவிட வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கூர்மை. இதை இங்கே 'ப்ராட்ஹெட்' என்கிறார்கள்.

பெரிய கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னேன். என் வாயிலிருந்து அது 'ப்ரெட் ஹெட்' என்று வந்திருக்க வேண்டும். கடைப் பெண் மிக மரியாதையாக என்னை அழைத்துக்கொண்டு போய், ப்ரெட், எங்கள் ஊர்ப் பேச்சில் பாண், அடுக்கியிருந்த இடத்தில் நிறுத்தினாள். இவ்வளவு தூரம் நடந்து வந்தவளின் மனம் நோகக் கூடாதே என்று ஒரு பாணை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அம்பு வாங்கப் போனவரு பாணோட வாராரு" என்று புனிதம் வாசலிலேயே சிரித்தாள்.

மறுநாள் தாரணி எழுதித்தந்த துண்டோடு போனேன். இந்தத் தடவை சரியான அலுமாரி முன்னால் நின்றேன். மூன்று முனை ஒரு பெட்டி. விலையைப் பார்த்தேன். இங்கே வந்து இவ்வளவு காலமாகியும் எனக்கு ஒரு பழக்கம் விட்டுப்போகவில்லை. எந்த விலையைப் பார்த்தாலும் வெலிமடை உருளைக்கிழங்கில் மாற்றிப் பார்ப்பேன். இந்த மூன்று முனைக்கு மூட்டைகள் அடுக்கி ஒரு சின்ன லொறியை நிரப்பலாம் போலிருந்தது. முனை ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு.

பெட்டியின் மேல் நூறு கிரெய்ன் என்று போட்டிருந்தது. அது முனையின் எடை. எனக்குத் தெரிந்த கிரெய்ன் தானியம். ஒருவேளை விதையும் சேர்த்துத் தருகிறார்களோ, மானுக்குத் தூவுவதற்கு என்று பெட்டியைக் குலுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற தாடிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு இணையத்தில் தேடினேன். கடைக்காரன் மூன்றுக்குக் கேட்ட விலையில் பாதிக்கு அங்கே ஒரு டசின் கிடைத்தது. பார்ப்பதற்கு அதே அச்சு, அதே மினுக்கம். ஐந்து நட்சத்திரம் வேறு. கீழே ஒருவர் 'மகனுக்குப் பிடித்திருந்தது, பெட்டி அழகாக உள்ளது' என்று எழுதியிருந்தார். பெட்டி அழகாக இருப்பதற்கும் அம்புமுனைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மலிவாக ஒன்றைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இருக்கிற மனிதன் யோசிப்பதில்லை.

பல வாரம் கழித்துத் தபாலகத்திலிருந்து வந்து எடுத்துப்போகச் சொல்லித் துண்டு வந்தது. பொதியின்மேல் 'வீட்டு அலங்காரம்' என்று ஒட்டியிருந்தார்கள்.

"இது என்ன சாமான்?" என்று தபாலகப் பெண்மணி கேட்டார்.

"அலங்காரம்" என்றேன்.

"அழகாக இருக்குமா?"

"தூரத்திலிருந்து பார்த்தால்" என்றேன். அன்று முழுவதும் நான் உண்மையாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை பின்வளவில் பொம்மை மானை நிறுத்தினோம். தாரணியும் ஒரு பொம்மை வாங்கிவைத்திருக்கிறாள். அதன் பின்னால் புனிதத்தின் லீக்ஸ் பாத்தி.

"கடைக்காரன் மூணு குடுக்கிற விலையில பாதிக்கு ஒரு டசின்" என்று பெட்டியைத் திறந்து காட்டினேன். தாரணி ஒன்றை எடுத்து, அம்பில் திருகி, முனையை ஒரு பலகைத் துண்டில் ஊன்றிச் சுழற்றினாள். நேரான முனையென்றால் ஆடாமல் சுழலும். இது கிறுக்குப் பிடித்த பம்பரம் போல ஆடியது. அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

குறுக்குவில்லில் வைத்து விசையை அமுக்கினேன். அம்பு பாதி தூரம் போனதும் என்ன நினைத்துக்கொண்டதோ, இடது பக்கம் திரும்பி லீக்ஸ் பாத்தியில் இறங்கியது. பெண்சாதி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதை விட்டேன். மானில் பட்டது. "பாத்தியா?" என்று ஓடிப்போய்ப் பிடுங்கினேன். மூன்று அலகோடு போன முனை இரண்டு அலகோடு வந்தது.

"அப்பா, மூணாவது பிளேட் எங்க?"

"உள்ள கழண்டுருச்சு போல. இன்னும் ரெண்டு இருக்குல்ல."

"மானுக்குள்ள கழண்டா?"

"மானுக்கு எண்ணத் தெரியாதும்மா" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"இதால அடிச்சா அது சாகாது அப்பா. காயத்தோட ஓடும். ரெண்டு நாள், மூணு நாள் எங்கயாவது கெடக்கும். ஒங்களுக்கு அது சிரிப்பா இருக்கா?" அவளுக்குத் தமிழ் போதாமல் போய், மீதியை இங்கிலீஷில் கொட்டினாள். கடைசியில் மறுபடி தமிழுக்கு வந்தாள். "நான் மேகன் வீட்டோட போறேன். நீங்க வர வேணாம்."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் லீக்ஸ் பாத்திக்குள் முட்டிபோட்டு அந்த முதல் அம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் புனிதம் எனக்கு ஆதரவாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு முனைக்காக அப்பனப் பாத்து வர வேணாங்கிறா. ஊர்ல பன்னிக்குக் கம்பி கட்டுறாங்க, அப்ப யாரு இப்பிடிப் பேசுனா?" என்றேன்.

புனிதம் கத்தியைக் கீழே வைத்தாள். "கம்பியில மாட்டுன பன்னிய நீங்க பாத்திருக்கீங்களா?"

"இறைச்சியாத்தான் பாத்திருக்கேன்."

"நான் பாத்தேன். பூனாகலையில, எங்க லய வீட்டுக்குப் பின்னால. கெழங்குத் தோட்டத்தக் கெடுக்குதுன்னு கிளச் கம்பியில சுருக்குப் போட்டிருந்தாங்க. இடுப்புல மாட்டிக்கிச்சு. வெடியக்காலம் பிடிச்சு கத்துது. பயத்துல யாரும் கிட்டப் போகல. பொம்பளைங்க எல்லாம் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டாங்க. நாங்க பிள்ளைங்க வீட்டுக்குள்ள காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தோம். மத்தியானத்துக்கு மேல யாரோ கோடாலியோட வந்தாங்க. அன்னைக்கு எல்லா வீட்டுலயும் பங்கு. எங்கம்மா வச்ச தட்ட நான் தொடல. அந்தக் கிழங்கு எங்க கிழங்குதான், எனக்கும் அந்தப் பன்னி மேல கோவம்தான். ஆனா அந்தச் சத்தம்..." அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். "எனக்கு அப்ப தாரணி வயசு."

இருபது வருடத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். அவள் பன்றி இறைச்சி சாப்பிடாதது ஏதோ விரதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உறவுக்காரர்களிடம் அப்படித்தான் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

டசின் முனையையும் தகரப் பேணியில் போட்டு, சுற்றி நாடா ஒட்டி, குப்பை எடுக்கிறவர்களின் கையைக் கிழிக்காதபடி எறிந்தேன்.

5

பக்கத்து ஊரில் லொரேன் என்ற பெண்மணி தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் வில், அம்பு விற்கிறார் என்று டக் சொல்லியிருந்தார். வேலை முடிந்து நேரே போனேன். அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அம்புமுனை வேண்டும் என்று இங்கிலீஷில் மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பாண் கிடைக்காமல் தப்பித்தேன்.

"எத்தனை பவுண்டு?" என்று கேட்டார்.

எதற்குக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. மருத்துவரிடம் போனாலும் இதைத்தான் கேட்கிறார்கள். "பவுண்டில் தெரியாது. எழுபத்தெட்டுக் கிலோ. காலையில், வெறும் வயிற்றில்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னைக் கேட்கவில்லை, வில்லைக் கேட்டேன்" என்றார். வில்லின் இழுவிசையை அப்படித்தான் சொல்வார்களாம்.

சிரித்து முடித்தபின், எனக்கு எத்தனை முனை தேவை என்று கேட்டார். ஒரு டசினாவது வேண்டாமா என்றேன். ஒரு பருவத்தில் எத்தனை மான் அடிக்க உத்தேசம் என்றார். எங்களுக்கு அனுமதி ஆளுக்கு ஒன்று. அப்படியானால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் உனக்குத் தேவை ஒரே ஒரு முனை, என்றார். ஒரு மானுக்கு ஒரு டசின் முனை வாங்கியவன் அந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

பிறகு அவர் சொன்னதன் சுருக்கம் இது. விரிந்து மடங்குகிற வித்தையெல்லாம் இல்லாத, அலகு அசையாமல் நிற்கிற முனையாகப் பார். அலகை மட்டும் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் ஒரே முனையை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். ஒரு பெட்டி வாங்கி, அதில் ஒன்றைப் பழகுவதற்கு ஒதுக்கு. அது மழுங்கினால் மழுங்கட்டும். மற்ற இரண்டையும் காட்டுக்குப் போகும் வரை எதிலும் எய்யாதே. யாரோ பெட்டியைத் திறந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது ஒன்று இருந்தது. முனைகள் புத்தம் புதிது. பெட்டி கிழிந்திருந்ததால் குறைத்துக் கொடுத்தார். மகளுடைய வில்லுக்கும் இதே பொருந்துமா என்று கேட்டேன். பொருந்தும் என்றார். அழகான பெட்டியில் வந்தது குப்பைக்குப் போக, கிழிந்த பெட்டியில் வந்ததோடு வீட்டுக்கு வந்தேன்.

முனையைப் பூட்டுவதற்குப் பெட்டியிலேயே ஒரு சின்னத் திருகுசாவி இருக்கிறது. விரலால் தொடாதே என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது. நான் விரலால் திருகினேன். கீறல் விழுந்ததே தெரியவில்லை, இரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது.

"மானுக்கு முந்தி ஒங்களத்தான் பதம் பாத்திருக்கு" என்று புனிதம் விரலைக் கட்டிவிட்டாள். "நல்ல சாமான்தான் போல."

கட்டிய விரலோடு தாரணியின் கதவைத் தட்டினேன். 'ம்' என்றது. முனை பூட்டிய அம்பை மேசைமேல் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் அதையும், கொஞ்ச நேரம் என் விரலையும் பார்த்தாள். பிறகு அம்பின் முனையை மேசையில் ஊன்றிச் சுழற்றினாள். அது ஆடவில்லை. நின்றது போலவே சுழன்றது.

"விடியிறதுக்கு முந்தி எழும்பணும்" என்றாள். "வாசமில்லாத சவுக்காரம் போட்டுக் குளிங்க. தைலம் தேய்க்கக் கூடாது."

6

டக்குக்குச் சொந்தமான காட்டுத்துண்டில், ஓடை ஓரத்தில், ஒரு சின்ன மறைவுக் கூடாரம். அதற்குள் இரண்டு மடக்கு நாற்காலி. அவள் வில்லோடு, நான் குறுக்குவில்லோடு. புல்லெல்லாம் உறைபனி. மானுக்கு மூக்குதான் கண் என்று பாடத்தில் படித்திருந்தேன். அதை மறந்துவிட்டு, பசித்தால் சாப்பிடலாமே என்று தேங்காய் ரொட்டியும், மாசிக் கருவாடு போட்டு இடித்த கட்டைச் சம்பலும் கொண்டுபோயிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் தாரணி கண்ணாலேயே எரித்தாள். மறுபடி கட்டி, சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டேன். மாசி வாசத்தோடு காட்டில் பதுங்கியிருந்த முதல் வேட்டைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

நல்ல வேளை, காற்று எங்கள் முகத்துக்கு நேராக வந்தது. வெளிச்சம் வந்த பிறகு இரண்டு பெண்மான்கள் ஓடையில் இறங்கிக் குடித்துவிட்டுப் போயின. வெகுநேரம் ஒன்றுமில்லை. என் கால் மரத்துவிட்டது. பிறகு தாரணியின் மூச்சு மாறியது. நான் பார்க்கும் முன்பே அவள் பார்த்திருந்தாள்.

பெரிய கிடா, ஆண் மான். கொம்பு ஒரு பக்கம் ஒடிந்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, எங்களைப் பார்க்காமல் எங்களுக்கு மேலே எதையோ பார்த்தது. எனக்குத்தான் கிட்ட. தாரணி என் பக்கம் திரும்பி, நீங்க, என்று தலையசைத்தாள். நான் குறுக்குவில்லைத் தூக்கினேன். விசையை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பூட்டை விடுவிக்க மறந்திருந்தேன். பாதுகாப்பு வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவது அது.

குறுக்குவில்லை மெதுவாக மடியில் வைத்துவிட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவள் எழுந்ததே தெரியவில்லை. வில் வளைந்தது. கிடா ஓர் அடி முன்னால் வைத்தது. நாண் விட்ட சத்தம், ஒரு துணியை உதறியது போல. கிடா மேலே எழும்பி, திரும்பி, புதருக்குள் ஓடியது. அதன் பிறகு ஓடைச் சத்தம் மட்டும்தான்.

உடனே பின்னால் போகக் கூடாது. அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். துரத்தினால் அது உயிரைப் பிடித்துக்கொண்டு தூரம் ஓடும். தாரணி உட்கார்ந்தாள். நான் பிளாஸ்க்கில் இருந்த இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"சரியாப் பட்டிருக்குமா அப்பா?"

"பட்டிருக்கும்."

"பார்த்தீங்களா?"

"கண்ண மூடிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மேற்கே, விமானத்தில் போகிற தூரத்தில், காடுகளையும் மிருகங்களையும் பற்றிப் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டிருக்கிறாளாம். கிடைத்தால் அடுத்த வருடம் போய்விடுவாளாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

"நீங்க ஊர விட்டு வரும்போது பயமா இருந்துச்சா?"

யாரும் இதுவரை என்னை அதைக் கேட்டதில்லை. எப்போது வந்தாய், எப்படி வந்தாய் என்று அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல மனப்பாடமாக ஒரு பதிலும் இருக்கிறது.

"ஹாலிஎலையில ரயில் ஏறுனேன். அப்பா பிளாட்பாரத்துல நின்னாரு. தெமோதரை வரைக்கும் அழுதேன். பக்கத்துல இருந்தவரு கேட்டாரு, தம்பி ஏன் அழுகுறீங்கன்னு. கண்ணுல கரிப்புகை பட்டுருச்சுன்னு சொன்னேன். அது டீசல் ரயில்."

அவள் சத்தமில்லாமல் சிரித்தாள், தோள் குலுங்கியது. சிரித்து முடிந்த பிறகும் அவள் தலை என் தோள்மேல் இருந்தது. சட்டைக்குள்ளிருந்து சம்பல் வாசம் வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் முறைக்கவில்லை. போ என்றும், போகாதே என்றும் நான் சொல்லவில்லை. அந்த முனை சரியாக வேலை செய்திருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். கிடா காயத்தோடு ஓடிக்கொண்டிருந்தால் அவள் அதை வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிவாள் என்று எனக்குத் தெரிந்தது.

நேரமானதும் ஓடையைக் கடந்தோம். முதலில் ஓர் இலையில் ஒரு துளி. பிறகு கல்மேல் ஒரு கை அளவு. பிறகு தேட வேண்டியிருக்கவில்லை. புதருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்கூட இல்லை, கிடா கால் மடித்துப் படுத்த மாதிரியே கிடந்தது. உயிர் இல்லை. அம்பு உள்ளே போய் மறுபக்கம் வெளியேறியிருந்தது. அது அதிக தூரம் ஓடவில்லை. எதையும் அறிந்திருக்கவும் மாட்டாது.

தாரணி வில்லைத் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் முட்டிபோட்டாள். கண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

"மேகன் வீட்டுல எல்லாரும் தொப்பியக் கழட்டிட்டு ஏதாவது சொல்லுவாங்க" என்றாள். "நம்ம பாஷையில என்ன சொல்லணும்?"

நான் தொப்பியைக் கழற்றினேன். என்ன சொல்வது? தேவாரம் ஒன்று பாதி ஞாபகம் வந்தது, அது சாப்பிடும் முன் பாடுவது. எனக்குத் தெரிந்த எல்லாப் பாஷைச் சொற்களையும் துழாவிப் பார்த்தேன். தொலைபேசிப் பெண் எனக்குச் சொன்ன அனுதாபம்தான் நாக்கில் நின்றது.

"போயிட்டு வான்னு சொல்லு" என்றேன்.

"செத்ததுக்கா? அது எப்பிடி வரும்?"

"வராது. ஆனா நாம யாரையும் போன்னு மட்டும் சொல்லி அனுப்புறதில்ல."

அவள் அதன் முகத்தை உற்றுப் பார்த்தாள். மூக்கைச் சுற்றி மயிர் நரைத்திருந்தது. காதில் ஏதோ பழைய சண்டையின் கிழிசல்.

"இதுக்கு ரொம்ப வயசு அப்பா" என்றாள். "'வா'ன்னு சொல்லலாமா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை.

அவள் அதன் கழுத்தில் கையை வைத்து, குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."